உணவுப் பொட்டலத்திலுள்ள ஆங்கிலச் சொற்கள்

செட்டிநாட்டு ஜனங்களுக்கு அயல் பாஷை புதிதன்று. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கச் சென்றவர்கள், அவ்விடத்துப் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு கப்பல் ஏறவில்லை. பெட்டியடிப் பையனாய்க் கடையில் உட்கார்ந்து, தொழிலுக்கு வேண்டிய சொற்களை முதலில் பிடித்துக்கொண்டு, மற்றவற்றைப் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களோடு சில சொற்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தன. மலாய் பாஷையில் கிண்ணத்தைக் குறிக்கும் மங்குக் என்னும் சொல் மங்கு எனச் சுருங்கி, செட்டிநாட்டு அடுப்படியில் இன்றும் வழங்குகிறது. சொல் வந்தபோதே சாமானும் கூட வந்தபடியால், அதன் பொருளைப் பற்றி யாருக்கும் சந்தேகம் உண்டாகவில்லை.

இக்காலத்தில் வீட்டுக்குள் வரும் ஆங்கிலச் சொற்களின் நிலைமை வேறு. அவை பொட்டலத்தின் பின்புறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிறிய எழுத்தில் வருகின்றன. பொருள் இன்னதென்று தெரியாமலே உள்ளிருக்கும் பண்டம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. பொட்டலத்தைத் தமிழில் அச்சிடலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகார சபையின் 2020-ஆம் வருஷத்து முகப்புச்சீட்டு விதிகளின்படி, அவசியமான விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். வேறு பாஷையைக் கூடுதலாகச் சேர்ப்பது தயாரிப்பவர் இஷ்டம். அந்த இஷ்டம் அநேகருக்கு இல்லை. ஆகவே காரைக்குடிக் கடைவீதியில் வாங்கும் பிஸ்கோத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கல்லலிலும் சாக்கோட்டையிலும் உள்ள குடியானவர் இங்கிலீஷ் சொல் சிலவற்றை அறிந்தே தீரவேண்டியிருக்கிறது. சங்க அங்கத்தினர்களுக்கு இதில் இரட்டிப்புப் பொறுப்பு உண்டு. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகத்தில் இருப்பவை. மூட்டையில் எழுதியிருப்பது என்னவென்று ஊரார் கேட்டால், பதில் சொல்லவேண்டியவர்கள் சங்கத்தாரே.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் போதாதோ எனலாம். 1947-ஆம் வருஷத்தில் டாக்டர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி நிறுவியதற்குப் பின் இப்பக்கத்தில் இங்கிலீஷ் படித்தவர்களுக்குக் குறைவில்லை. எனினும் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வேறு, பொட்டலத்து இங்கிலீஷ் வேறு. பின்னதில் எளிய சொற்களே அதிகம் ஏமாற்றும். கடினமான சொல்லைக் கண்டால் படிப்பவன் நின்று விசாரிப்பான். தெரிந்த சொல்லைக் கண்டால் தாண்டிப் போய்விடுவான். எனர்ஜி என்பது தெரிந்த சொல்லே. அதைச் சக்தி என்று வைத்துக்கொண்டு, எனர்ஜி மிகுந்த பிஸ்கோத்தைத் தின்றால் உடம்பில் பலம் ஏறும் என்று தாய்மார் எண்ணுகிறார்கள். பொட்டலத்தில் அச்சொல்லுக்குப் பொருள் அதுவன்று. அந்தப் பண்டம் தேகத்தில் எரிந்து எத்தனை கலோரி சூட்டைத் தரும் என்கிற கணக்கு மாத்திரமே அது. மைதாவும் சீனியும் பாமாயிலும் சேர்ந்த எதுவும் அந்தக் கணக்கில் மேலே நிற்கும். வெயிலில் வரப்பு வெட்டுகிறவருக்கு அது உதவலாம். நாள் முழுவதும் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இடுப்பில் சேரும்.

அரிசியிலிருந்து தொடங்குவதே இப்பிரதேசத்துக்கு ஏற்றது. புதுவயலில் அரிசி ஆலைகள் நிறைந்திருப்பது எல்லோரும் அறிந்ததே. அங்கிருந்து போகும் மூட்டைகளின்மேல் ரா என்றும், பாயில்ட் என்றும், பாலிஷ்ட் என்றும் அச்சிட்டிருக்கக் காணலாம். ரா என்பது பச்சை, ஆகையால் பச்சரிசி. பாயில்ட், அல்லது பார்பாயில்ட், என்பது நெல்லாயிருக்கும்போதே ஊறவைத்து ஆவியில் அவித்தது, அதாவது புழுங்கல். பாலிஷ்ட் என்பது தவிடு போகத் தீட்டியது. சாதாரணமான இம்மூன்று சொற்களின் வேறுபாட்டால் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின, தப்பின. அந்தச் சரித்திரத்தில் தமிழருக்கும் பங்குண்டு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாவில் பெரிபெரி என்னும் வியாதி சுரங்கக் கூலிகளை வாரிக்கொண்டு போயிற்று. கால் மரத்து, வீங்கி, இருதயம் தளர்ந்து இறப்பார்கள். நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் ஒரு விஷயத்தைக் கவனித்து, 1907-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் எழுதினார். தீட்டிய பச்சரிசி உண்ட சீனர்களுக்கு இவ்வியாதி மிகுதி. அதே நாட்டில் அதே வெயிலில் பாடுபட்ட தமிழர்களுக்கு அபூர்வம். தமிழர் உண்டது புழுங்கலரிசி. வெள்ளையரிசி பழையதாகும்போது அதில் ஒரு விஷம் உண்டாகிறது என்பது அவர் கொண்ட காரணம். காரணம் தவறு, கண்டது சரி. பின்னர் பிரேஸர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஏறக்குறைய முந்நூறு ஜாவாக் கூலிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்து, தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டில் உயிர் காக்கும் ஏதோ ஒன்று இருப்பதை உறுதி செய்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி உமிப்பக்கத்திலிருந்து மணிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. தமிழ்ப் பெண்மணிகள் நெல் அவித்தது வைத்திய நூலைப் பார்த்து அல்ல. குத்தும்போது அரிசி நொய்யாகாமல் இருக்கவே. வந்த பலன் வேறு.

அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர் வைத்தவர் காஸிமிர் பங்க் என்னும் போலந்து தேசத்து விஞ்ஞானி. உயிரைக் குறிக்கும் வீடா என்ற லத்தீன் சொல்லோடு அமீன் என்ற ரஸாயனப் பெயரைச் சேர்த்து 1912-ல் வைட்டமின் என்றார். இவ்வகைச் சத்துக்கள் எல்லாம் அமீன் அல்ல என்று தெரியவந்ததும், 1920-ல் டிரம்மண்ட் என்பவர் அச்சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் நீக்கிவிட்டுப் பெயரை வைத்துக்கொண்டார். தமிழில் இதை ஜீவசத்து என்றும் உயிர்ச்சத்து என்றும் எழுதினார்கள். மூலச்சொல்லைவிடத் தமிழ்ச் சொல் நேராக அமைந்தது என்று சொன்னால் மிகையாகாது. சென்னை மாகாணத்திலேயே, குன்னூர் பாஸ்டர் ஸ்தாபனத்தின் ஓர் அறையில் 1918-ல் ராபர்ட் மக்காரிஸன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த அறையிலிருந்து வளர்ந்த உணவு ஆராய்ச்சிச் சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்று பெயர் பெற்றிருக்கிறது.

மூட்டையில் வந்த மற்றொரு சொல் ஃபோர்ட்டிஃபைடு என்பது. ஃபோர்ட் என்றால் கோட்டை என்று பிள்ளைகள் அறிவார்கள். அரிசிக்குக் கோட்டை எதற்கு என்று திகைப்பார்கள். பலப்படுத்தப்பட்டது, அதாவது சத்துச் சேர்க்கப்பட்டது என்பதே பொருள். அரிசி மாவுடன் இரும்பும், ஃபோலிக் அமிலமும், பி-12 ஜீவசத்தும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தின் வழியே அரிசிமணியைப் போலவே பிழிந்தெடுத்து, நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ விகிதம் கலப்பார்கள். 2024-ஆம் வருஷ மார்ச்சு மாதத்துக்குள் இந்தியா முழுவதும் பொது விநியோக அரிசியில் இது கலக்கப்பட்டுவிட்டது. சொல்லின் பொருளை யாரும் விளக்கவில்லை. களையும்போது சில மணிகள் நிறம் மாறியிருப்பதையும் தண்ணீரில் மிதப்பதையும் கண்ட ஜனங்கள், பல ஊர்களில் அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிந்தார்கள். சோகை பிடித்த பெண்ணுக்கென்று சர்க்கார் செலவில் சேர்த்த இரும்பு அம்மிணியோடு குப்பைக்குப் போயிற்று. மூட்டையின்மேல் இருந்த அந்த ஒரு சொல்லை அளந்துபோடுகிறவர் எடுத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேராவது எறியாமல் இருந்திருப்பார்கள்.

இனி, பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் காலியான உறை ஒன்றைக் கொண்டுவந்தால், பாடம் நடத்த வேறு புஸ்தகம் வேண்டியதில்லை.

முதலில் இன்கிரீடியன்ட்ஸ் என்ற தலைப்பைத் தேடவேண்டும். சேர்மானங்கள் என்பது பொருள். இவை மனம்போனபடி எழுதப்படுவதில்லை. எது எடையில் அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில் வரவேண்டுமென்பது சட்டம். இவ்வொரு விதியை அறிந்தவன் பாதிப் பாடத்தை அறிந்தவன். உறையின் முன்புறம் கேழ்வரகுக் கதிரும் பாதாம்பருப்பும் படமாக விளங்கும். பின்புறத்திலோ முதற்சொல் ரிஃபைண்டு வீட் ஃபிளவர் என்றிருக்கும். அது மைதா. கேழ்வரகின் பெயரான ஃபிங்கர் மில்லட் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ ஒதுங்கி நிற்கும். மல்டி கிரெய்ன் என்னும் சொல்லும் இவ்வகையினதே. பல தானியம் என்பதுதான் அதற்குப் பொருள். தவிடு நீக்காத தானியம் என்று பொருள் இல்லை. தவிடு நீக்காததற்கு ஹோல் என்ற சொல் வரவேண்டும்.

ஐ.என்.எஸ். என்னும் எழுத்துகளை அடுத்து வரும் எண்களைக் கண்டு எல்லாமே விஷம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டியதில்லை. 500 என்பது ஆப்பச்சோடா. 330 என்பது எலுமிச்சையில் இயற்கையாகவே உள்ள புளிப்பு. 211 என்பது கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்ஸோயேட் உப்பு. எண்ணைப் பார்த்து மிரளுவதைவிட, முதல் மூன்று சேர்மானங்களைப் பார்த்து யோசிப்பது நலம்.

பருப்பு வகையில் ஒரு வேடிக்கை உண்டு. கிராம் என்ற ஆங்கிலச் சொல் எடையையும் குறிக்கும், பயறையும் குறிக்கும். எடைக்குரிய சொல் கிரேக்க மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பயற்றுக்குரிய சொல் தானியத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டுக்கும் உறவில்லை. ரெட் கிராம் துவரை, பிளாக் கிராம் உளுந்து, கிரீன் கிராம் பாசிப்பயறு, பெங்கால் கிராம் கடலைப்பருப்பு, ஹார்ஸ் கிராம் கொள்ளு. வேர்க்கடலை மட்டும் இந்த வரிசையில் சேராமல் பீநட் அல்லது கிரவுண்ட்நட் எனப்படும். கடலை என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளை வீட்டில் இருப்பின் இவ்வேறுபாடு விளையாட்டன்று.

எல்லாச் சொற்களிலும் அதிகத் தீங்கு விளைத்துவரும் சொல் ஷுகர் என்பதே. அதை விரிவாகப் பார்க்கவேண்டும். காரைக்குடிப் பக்கத்தில் வெள்ளையாய் மணல்போல் இருப்பது சீனி. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வேறு. பனங்கருப்பட்டி இன்னும் வேறு. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருப்பது பாஷையின் செல்வம். வைத்தியர் இங்கிலீஷில் ஷுகர் இருக்கிறது, ஷுகரை நிறுத்துங்கள் என்கிறார். வீட்டுக்கு வந்தவர் சீனியை நிறுத்திவிட்டு, காப்பியில் கருப்பட்டியைக் கரைத்துக் குடிக்கிறார். அவர் வைத்தியரை மீறவில்லை. தமக்குத் தெரிந்த சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் ஷுகர் என்ற சொல் சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன் யாவற்றிலும் உள்ள இனிப்புச் சத்தைச் சேர்த்துக் குறிக்கும். மேலும், பிளட் ஷுகர் என்பது சீனியே அன்று. இரத்தத்தில் ஓடும் குளுகோஸ் என்பதே அதன் பொருள். அதில் பெரும்பங்கு வருவது சோற்றிலும் இட்லியிலும் இடியாப்பத்திலும் உள்ள மாவுச்சத்திலிருந்து. கார்போஹைட்ரேட் என்று பொட்டலத்தில் எழுதியிருப்பது அந்த மாவுச்சத்தையும் இனிப்பையும் சேர்த்துத்தான். சீனியைத் தொடாமலே மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு உண்டு, வியாதி ஏன் குறையவில்லை என்று வருந்துகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இந்தியா முழுவதும் செய்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி வயதுவந்தவர்களில் 100-க்கு 11.4 பேர், அதாவது பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள், நீரிழிவு உள்ளவர்கள். இத்தனை பேரும் தினந்தோறும் கேட்கும் சொல் இது.

இதே சொல் பொட்டலத்தில் மாறுவேஷத்திலும் வரும். லிக்விட் குளுகோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், கார்ன் சிரப் என எத்தனை பெயரானாலும் இனிப்பு ஒன்றே. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது நாக்குக்கு இனிக்காது. எனினும் குளுகோஸாக விரைவில் மாறிவிடும் மாவுப்பொருள். இவற்றைப் பிரித்துப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றின் எடையும் குறைந்து, சேர்மான வரிசையில் கீழே போய்விடுவது தயாரிப்பவர்க்குச் சௌகரியம். நோ ஆடட் ஷுகர் என்றிருந்தால், கூடுதலாக இனிப்புப் போடவில்லை என்றே பொருள். பழத்திலோ பாலிலோ இயல்பாக உள்ளது அப்படியே இருக்கும். நூறு சதவீதம் பழச்சாறு என்ற விளம்பரத்தைத் தண்ணீர் சேர்த்து மீட்டெடுத்த சாறுகள்மீது போடக்கூடாதென்று 2024-ஆம் வருஷ ஜூன் மாதம் அதிகார சபை உத்தரவிட்டது. ஹெல்த் டிரிங்க் என்ற பெயருக்கும் உணவுச் சட்டத்தில் இலக்கணம் எதுவும் இல்லை.

அடுத்தது கட்டம் கட்டிய கணக்கு. பர் 100 ஜி என்பது நூறு கிராமுக்கு. பர் சர்வ் என்பது ஒரு வேளைக்கு உண்ணும் அளவென்று தயாரிப்பவரே வைத்துக்கொண்டது. அது இரண்டு பிஸ்கோத்தாக இருக்கும். பொட்டலம் முழுவதையும் ஒருவரே தின்றால் எல்லா எண்களையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆர்.டி.ஏ. என்ற சதவீதம், நாளொன்றுக்கு 2000 கலோரி, சேர்த்த இனிப்பு 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்னும் அளவுகளை வைத்துக் கணக்கிட்டது. சோடியத்தை உப்பின் அளவென்று எண்ணிவிடலாகாது. உப்பில் சோடியம் ஒரு பகுதியே. சோடிய எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். நூறு கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று எழுதியிருந்தால் உப்பு 2 கிராம். அப்பண்டத்தில் 250 கிராம் பொட்டலம் ஒன்றைத் தீர்த்தால் 5 கிராம். ஒருவருக்கு நாள் முழுவதுக்கும் உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லும் எல்லையே அதற்கும் குறைவு. நொறுக்குத் தீனியிலேயே அது முடிந்துவிட்டால், பிறகு குழம்பு, ரசம், ஊறுகாய், கருவாடு எல்லாம் கடன் கணக்கு.

லோ சோடியம் சால்ட் என்று ஓர் உப்பு விற்பனைக்கு வருகிறது. இரத்தக் கொதிப்புள்ளவர்கள் கேள்விப்பட்டு வாங்குகிறார்கள். சோடியம் குறைவு என்பது மெய்யே. குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு என்னும் வேறு உப்பைச் சேர்த்திருப்பார்கள். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2025-ஆம் வருஷ ஜனவரியில் வயதுவந்தவர்கள் பொதுவாக இதை உபயோகிக்கலாம் என்று யோசனை கூறியபோதே, சிறுநீரகக் கோளாறுள்ளவர்களையும், கர்ப்பிணிகளையும், குழந்தைகளையும் விலக்கிற்று. பழுதடைந்த சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்ற மாட்டாது. அது இரத்தத்தில் ஏறினால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும். நீரிழிவு நாட்பட்டவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் பழுதாகியிருக்கும், அது அவர்களுக்கே தெரிந்திராது. லோ என்ற சொல்லை மட்டும் படித்து, பொட்டாசியம் என்ற சொல்லைப் படியாமல் விட்டவருக்கு நேரக்கூடிய கேடு இதுவாகும். வைத்தியரைக் கேட்காமல் இவ்வுப்பை மாற்றுவது கூடாது.

தேதியைக் குறிக்கும் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெஸ்ட் பிஃபோர் என்பது அத்தேதிவரை ருசியும் மணமும் குறையா என்ற உறுதி. யூஸ் பை, எக்ஸ்பைரி என்பவை அத்தேதிக்குப்பின் உபயோகிக்கலாகாது என்ற தடை. 2020-ஆம் வருஷத்து விதிகளில் பின்னதே கட்டாயம், முன்னது விருப்பம்.

இவ்விஷயம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் முதலிய செட்டிநாட்டுப் பலகாரங்களை வீட்டில் செய்து பொட்டலம் கட்டி வெளியூர்க்கு அனுப்பும் குடும்பங்கள் காரைக்குடியில் அநேகம். அவர்கள் தங்கள் உறையின்மேல் பதினான்கு இலக்கப் பதிவெண்ணையும் சேர்மானங்களையும் தேதிகளையும் போடவேண்டும். அச்சுக்கூடத்தில் வேறொரு பண்டத்தின் சீட்டைப் பார்த்து எழுதிக்கொடுக்கும் வழக்கம் ஆபத்தானது. தேங்காயெண்ணெயில் சுட்ட சீடைக்குப் பாமாயில் என்று அச்சாகிவிட்டால் வியாபாரத்துக்குக் கேடு. வேர்க்கடலை சேர்ந்ததை எழுதாமல் விட்டால் உயிருக்குக் கேடு.

ஆஸ்பத்திரிச் சீட்டிலும் சில சொற்கள் தடுமாற வைக்கும். ஃபாஸ்ட் என்றால் வேகம் என்று படித்த பையன், ஃபாஸ்டிங் என்பதை விரைவாகச் செய்யும் பரீட்சை என்று பாட்டியிடம் சொல்லிவிடக்கூடும். பட்டினி என்பதே இங்கே பொருள். முந்தின இரவிலிருந்து எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர ஒன்றும் உட்கொள்ளாமல் இருந்து இரத்தம் கொடுக்கவேண்டும். காலையில் ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனால் அந்த எண் பயனற்றது. அவ்வாறு எடுத்த அளவு இருமுறை பார்த்தும் 126 அல்லது அதற்கு மேலிருந்தால் நீரிழிவு என்று தீர்மானிப்பார்கள். பாஸிட்டிவ் என்பது மற்ற இடங்களில் நல்ல சொல். இரத்தப் பரிசோதனைச் சீட்டில், தேடிய நோயின் அடையாளம் கிடைத்தது என்று பொருள்படும்.

ரிஸ்க் என்ற சொல்லை மற்றெந்த ஊராரைவிடச் செட்டிநாட்டார் எளிதில் உணரக்கூடும். நூறு பேருக்குக் கடன் கொடுத்த மேலாளுக்கு, அதில் சிலர் திருப்பித் தரமாட்டார்கள் என்பது தெரியும். இன்னார் என்பது தெரியாது. ஈடு இல்லாதவர், முன்னமே கடன்பட்டவர், விளைச்சல் பொய்த்தவர் என்ற அடையாளங்களை வைத்து ஜாக்கிரதை செய்வார். வைத்தியர் ரிஸ்க் என்று சொல்வதும் இத்தகையதே. பருமன், புகையிலை, இரத்தக் கொதிப்பு, குடும்பத்தில் முன்னோர்க்கு இருந்த வியாதி ஆகியவை அடையாளங்கள். அவை இருந்தும் நோய் வராதவர் உண்டு; இல்லாமலே வந்தவரும் உண்டு. அதனால் கணக்கு பொய்யாகிவிடாது.

பத்திரிகைகளில் ரிஸ்க் இத்தனை சதவீதம் கூடும் என்று வரும்போது எதிலிருந்து கூடும் என்று கேட்கவேண்டும். பதப்படுத்திய மாமிசத்தைத் தினம் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோயின் ரிஸ்க் 18 சதவீதம் ஏறும் என்று 2015-ஆம் வருஷ அக்டோபரில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தெரிவித்தது. நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதைப் படித்தவர் பலர். அப்படியன்று. ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு எப்படியும் வரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், அது ஐம்பத்தொன்பது ஆகும் என்பதே அதன் பொருள். வட்டியையும் முதலையும் பிரித்தறிகிறவர்களுக்கு இதைப் பிரித்தறிவது கஷ்டமன்று.

கடைசியாக, மூன்றே எழுத்துள்ள ஒரு சொல். ஓ.ஆர்.எஸ். என்பது வாயால் கொடுத்து உடலில் நீரை மீட்கும் உப்பு. வயிற்றுப்போக்கினால் வற்றும் குழந்தையை இது காப்பாற்றும். உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு குளுகோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6, சோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். இனிப்பும் உப்பும் இந்த விகிதத்தில் சேர்ந்திருந்தால்தான் குடல் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்; இனிப்பு மிகுந்தால் நீரைக் குடலுக்குள் இறக்கிப் போக்கை அதிகமாக்கும். இருந்தும் இனிப்பு மிகுந்த பானங்கள் சில இம்மூன்று எழுத்துகளைப் பெயரில் தாங்கி மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் ஒருவர் பல வருஷம் போராடியபின், 2025-ஆம் வருஷ அக்டோபரில் அதிகார சபை அப்பானங்களின் பெயரில் அவ்வெழுத்துகள் வரக்கூடாதென்று உத்தரவிட்டது.

ஆகையால் காகித உறையில் தூளாக வருவதையே கேட்டு வாங்கவேண்டும். அதிலும் ஒரு சொல்லைப் பார்த்தே கரைக்கவேண்டும். சில உறைகளில் 1 லிட்டர் என்றும், சிறிய உறைகளில் 200 எம்.எல். என்றும் இருக்கும். லிட்டர் உறையை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிஞ்சிக் குழந்தைக்கு ஆபத்து. சிறிய உறையை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் பயனில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரில் உறை முழுவதையும் ஒரே தடவையில் கரைத்து, சிறிது சிறிதாகக் கரண்டியால் புகட்டி, மிச்சத்தை மூடிவைத்து, 24 மணி நேரம் ஆனதும் கீழே கொட்டிவிடவேண்டும். உறையின் அடியில் டிஸ்கார்டு என்று அச்சிட்டிருப்பது அதைத்தான்.